பிறர் அடைத்த தோட்டா

செல்மர்: அதை எடுக்காதீங்க வில்லா. ஒரே இழுப்புல அஞ்சு வேலை செய்யிற மெஷின். சுட்ட காலிக் கூட்டுலயே வெடிமருந்து ரொப்பித் தானே தோட்டா அடைக்கப் புதுசா வர்றவங்க எல்லாம் முதல்ல அதுலதான் விழுவாங்க.

வில்லா: சீக்கிரம் முடிஞ்சா நல்லதுதானே கடைக்காரரே?

செல்மர்: தூரத்துக் குறின்னுதானே கேட்டீங்க? அப்போ இந்தச் சின்ன பிரஸ். ஒரு இழுப்பு, ஒரு வேலை. மொன்டானாவுல யாருக்கு என்ன அவசரம்?

வில்லா: உங்களுக்குத்தான். கடையை வித்துட்டு அரிசோனாவுக்குப் போறீங்களாமே.

செல்மர்: குளிர் முழங்காலைத் தின்னுது. தனிக்கட்டைக்கு அண்ணன் வீடுதான் கதி... அதை விடுங்க. பிரஸ்ல மிச்சம் பிடிச்ச காசை நல்ல தராசுல போடுங்க.

வில்லா: இந்த பேட்டரித் தராசு அழகா இருக்கே?

செல்மர்: ஹீட்டர் காத்து பட்டாலே எண் ஆடும். இந்த முள் தராசு பொய் சொல்லாது.

வில்லா: சர்ச்ல சுருதி தப்புற மனுஷனோட தராசு மட்டும் தப்பாதாக்கும்!

செல்மர்: பாட்டு தப்புனா கடவுள் மன்னிச்சுடுவார். மருந்து கூடுனா துப்பாக்கி மன்னிக்காதும்மா.

வில்லா: சரி சரி... அப்புறம்?

செல்மர்: நீளம் அளக்க வெர்னியர். உங்க துப்பாக்கிக்கு ஏத்த அச்சு. மருந்து அளவு சொல்ற புத்தகம். கடைசியா ஒண்ணு, இதுக்கு விலை இல்லை. அடுத்தவங்க அடைச்ச தோட்டாவை உங்க துப்பாக்கில போடவே கூடாது. கூடப் பிறந்தவன் கொடுத்தாலும் சரி.

வில்லா: ஆமா, போன வாரம் யாரோ இங்க ஒரு தோட்டாப் பெட்டியை மறந்துட்டுப் போனாங்களாமே...

செல்மர்: பேரில்லாத பெட்டி. தூக்கிப் போட்டுட்டேன்.

வில்லா: எல்லாத்தையுமா?

செல்மர்: ஏன், முகம் சுருங்குது?

வில்லா: ஒண்ணுமில்லை. பில்லைப் போடுங்க.

செல்மர்: பொறுங்க. மேசையில கிடந்த அந்தக் காலிப் பித்தளைக் கூட்டோட வாயை ஏன் விரலால தடவுறீங்க?

வில்லா: சும்மா... உள் ஓரத்துல பிசிறு இருக்கு.

செல்மர்: பிசிறா! அது கைக்குத் தட்டுப்படவே புது ஆளுக்கு ஒரு குளிர்காலம் போயிடுமே!

வில்லா: ...சரி, பிடிச்சுட்டீங்க. இங்க குடிவர்றதுக்கு முன்னாடி ஐடஹோவுல காலமெல்லாம் நானே அடைச்சவதான். கடைக்கு வர ஒரு சாக்கு வேணாமா?

செல்மர்: "பேட்டரித் தராசு அழகா இருக்கே"ன்னு நீங்க சொன்னப்பவே சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு வயித்து வலியே வந்துடுச்சு.

வில்லா: தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? அப்போ மிச்சத்தையும் கேளுங்க. அந்தப் பெட்டி நான் வெச்சது. சுடுற மைதானத்துல நீங்க விட்டுட்டுப் போன காலிக் கூடுங்களைப் பொறுக்கி, உங்க துப்பாக்கிக்குன்னே அடைச்சேன். ஊரை விட்டுப் போறதுக்குள்ள ஒரு தடவையாவது நீங்க... விடுங்க. அதான் தூக்கிப் போட்டாச்சே.

செல்மர்: கூட்டு அடியில நான் வெச்ச பச்சை மசி இருந்துச்சே, என் அடையாளம் எனக்குத் தெரியாதா? நீ குனிஞ்சு பொறுக்குனதையும் பாத்தேன். தொலைநோக்கியில நான் குறிப்பலகையைத்தான் பாக்குறேன்னு நினைச்சியாக்கும்! எதையும் தூக்கிப் போடலை, வில்லா. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் போய் அத்தனையையும் சுட்டேன்... எல்லாம் குறிப்பலகையில ஒரே ஓட்டை வழியாவே போச்சு. வீட்டுக்கு வந்த கையோட அண்ணனுக்குப் போன் போட்டு, அரிசோனா வெயில்ல நீயே காயின்னு சொல்லிட்டேன்.