பெரிய லிஃப்டும் சின்ன லிஃப்டும்

எங்கள் ஒன்பது மாடிக் கட்டடத்தில், கட்டிய நாள் முதல் ஆணியடித்தாற்போல் இருந்த இரண்டு போர்டுகள் கடந்த திங்கட்கிழமை காலை இடம் மாறின என்பதைப் பொதுமக்களுக்குப் பணிவுடன் அறிவிக்கிறேன். என் வாக்குமூலத்தை எழுதும் ஏட்டய்யா முறைப்பதால் இனி முறைப்படி: வீட்டுக்கும் தெருவுக்கும் என் பெயர் சுண்டெலி. வயது பதினாறு. ஏழாம் மாடி, லிஃப்டுக்கு எதிர் வீடு. போர்டுகளை மாற்றிய மாவீரன் நானேதான்.

பெரிய லிஃப்டில் 'குடியிருப்போர் மட்டும்', சின்னதில் 'வேலையாட்கள்' என்று எழுதியிருக்கும். வேலையாட்கள் அனைவரும் வெளியூர்க்காரர்கள், வேறு மொழி பேசுபவர்கள், தமிழை இங்கே வந்து கற்றவர்கள். சின்ன லிஃப்ட் பழுதாகி அப்போது பத்து நாள் ஆகியிருந்தது. பெருக்கித் துடைக்கும் அக்கா தினமும் பெரிய லிஃப்டின் உட்புறத்தைத் துடைத்துவிட்டு, வாளியுடன் வெளியே வந்து, வீங்கிய முழங்காலோடு படியேறினார். "இப்படியே ஏறினா வேலையை விட்டுத்தான் போகணும் தம்பி" என்றார். அதன் பிறகு நான் சங்கச் செயலாளர் அங்கிளிடம் முறையிட்டேன். "அவங்க பழக்கம் வேற, நம்ம பழக்கம் வேறடா. கலந்தா சரிப்படாது" என்றார்.

அதன் பிறகு, ஏற்ற இறக்கம் லிஃப்டுக்கு இருந்தால் போதும், மனிதர்களுக்கு எதற்கு என்று முடிவுசெய்து, அப்பாவின் ஸ்க்ரூடிரைவரால் போர்டுகளை மாற்றினேன். அதன் பிறகு வந்த அங்கிளைக் காவலாளி பெரிய லிஃப்டின் வாசலில் மறித்து, "போர்டுல உள்ளதுதான் சட்டம்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றார். அங்கிள் அங்கேயே நின்று போலீசுக்குப் போனில் இந்தப் புகாரைக் கொடுத்துவிட்டு, நான் பின்தொடர வீம்புக்குப் படியேறி, நான்காம் மாடியில் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு அந்த மாடியில் பெரிய லிஃப்டின் கதவு திறந்தது. உள்ளே வாளியுடன் அக்கா. "வாங்க சார், இடம் இருக்கு."

இருவரும் என்ன பேசினார்களோ தெரியாது. நான் படியில் ஓடிப்போய்ப் பார்த்தேன், ஒன்பதாம் மாடியில் இறங்கும்போது வாளி அங்கிள் கையில் இருந்தது. மறுநாள் சங்கக் கூட்டத்தில் இரண்டு போர்டையும் கழற்றச் சொன்னவர் அவர்தான். இப்போது புகாரைத் திரும்பப் பெற வெளியே பெஞ்சில் காத்திருக்கிறார். அக்காவும் கூட வந்திருக்கிறார், எனக்காகப் பேச.

அதனால்தான் ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. சின்ன லிஃப்ட் தானாகப் பழுதாகவில்லை. ஆடுகிறதா பார்க்கலாமென்று நானும் என் நண்பனும் அதற்குள் குதித்தோம். ஆடியது. பிறகு நின்றேவிட்டது. அக்கா பத்து நாள் படியேறியது என்னால்தான். இதை அக்காவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், ஏட்டய்யா முந்திக்கொள்ள வேண்டாம்.

எழுதியதைப் படிக்கக் கேட்டேன். அத்தனையும் நடந்தது, நடந்தபடியே இருக்கிறது.

(ஒப்பம்)