ஆறரை அடிப் பலகை

– சார், கொஞ்சம் நில்லுங்க. இப்ப நீங்க சுவத்துக்குள்ள நிக்கிறீங்க.

– சுவரா? தரையில சாக்பீஸ் கோடுதானே இருக்கு, இன்ஜினியரம்மா?

– அந்தக் கோடுதான் சுவரு. நேத்தே சொன்னேனே. கட்டுறதுக்கு முன்னாடி வீட்டை அசல் அளவுல காலி மனையில வரைஞ்சு, அதுக்குள்ள ஒரு மணி நேரம் குடித்தனம் பண்ணிப் பாக்கணும். வாசல் அந்தப் பக்கம். சுத்தி வாங்க.

– முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷருக்குக் கோடு கண்ணுக்குத் தெரியலையாம்.

– ஊர்த் துணியெல்லாம் தைக்கிறியே டெய்லரம்மா, அப்படியே உன் வாய்க்கும் ரெண்டு தையல் போட்டுக்க. இந்தா, வாசல் வழியா வந்துட்டேன். இவ்வளவுதானா வீடு? நாலு எட்டு வெச்சா பின்வாசல் வந்துடுது.

– நானூறு சதுர அடி சார். ஆனா ஒவ்வொரு இடமும் ரெண்டு வேலை பாக்கும். உக்கார்ற பெஞ்சுக்குள்ளயே துணிமணி. காத்து இந்த ஜன்னல்ல வந்து அந்த ஜன்னல்ல போகும், பகல்ல லைட் போட வேண்டாம். இடிச்ச வீட்டுல இருந்து எடுத்து வெச்சிருக்கிற கதவு, சட்டம் எல்லாம் இதுக்கே போதும். புதுசா ஒரு மரம் வெட்ட வேண்டியதில்ல.

– எல்லாம் சரிதான். அவனுக்கு ரூம் எங்க?

– ஆரம்பிச்சுட்டாரு.

– பெத்த பிள்ளைக்கு ஒரு ரூம் கேக்கறது தப்பா?

– ஏழு வருஷமா வராதவனுக்கு ரூம் எதுக்கு? ஒட்டடை குடியிருக்கவா? எனக்குத் துணி வெட்ட ஒரு மேசை போடணும். அதுக்கு இடம் இருந்தா போதும்.

– கேட்டியா இன்ஜினியரம்மா? பெத்தவ பேசற பேச்சு. கல்லு கூட மழை பெஞ்சா கொஞ்சம் ஈரமாகும்.

– ரெண்டு பேரும் கொஞ்சம் இங்க பாருங்க. இந்த நீளக் கட்டம் இருக்கில்ல, இதுல ரெண்டு பேர் பேச்சும் அடங்கிடும். உங்க பழைய வாசக்கதவைப் படுக்க வெச்சு, சுவத்துல மேல, கீழன்னு ரெண்டு வரிசைக் கொக்கி அடிச்சு, கழட்டி மாட்டுற கீல்ல மாட்டப் போறேன். மேல் கொக்கியில நிறுத்தினா அக்காவுக்கு வெட்டு மேசை. கீழ இறக்கினா கட்டில். ரெண்டும் வேணாம்னா சுவத்தோட மடிச்சிடலாம், தரை காலி.

– அந்தக் கதவா...

– ஏன் சார்? உளுக்காத மரம்.

– மரத்துல குத்தமில்லம்மா.

– நான் சொல்றேன். பையன் பன்னெண்டாவதுல தோத்துட்டு வந்து நின்னான். பதினேழு வயசு. 'இந்த வீட்டுல உனக்கு இடமில்ல'ன்னு சொல்லி இவரு படார்னு சாத்தினது அந்தக் கதவைத்தான்.

– பொழுது சாஞ்சா வந்துடுவான்னு நெனைச்சேம்மா. பஸ்ஸுக்கு ரிவர்ஸ் கியர் இருக்கு. வாய்க்கு இல்லையே.

– வேற மரம் பாக்கட்டுமா சார்?

– வேணாம். அதையே போடு.

– கதவு ஆறரை அடி. வெட்டு மேசைக்கு அஞ்சடி போதும், கட்டில்னாலும் ஆறடிதான். மிச்சத்தை அறுத்தா ரெண்டு தட்டு தேறும்.

– அறுக்காதே. ஆறரை அடியும் இருக்கட்டும்.

– மேசைக்கு எதுக்குக்கா அவ்வளவு நீளம்?

– திரைச்சீலை வெட்டுவேன்.

– நீ என்னைக்குத் திரைச்சீலை தைச்சே? ஜாக்கெட்டை விட்டா சட்டை, சட்டையை விட்டா ஜாக்கெட்டு.

– இனிமே தைக்கிறேன்.

– சரி, அதை அப்புறம் முடிவு பண்ணலாம். இப்பக் குடித்தனம். காலையில ஆறு மணின்னு வெச்சுக்குவோம். பலகையை மடிச்சாச்சு, இந்தக் கட்டம் வெறும் தரை. தாராளமா மேல நடக்கலாம். சார், பின்வாசலுக்குப் போங்க. அக்கா, நீங்க அடுப்புகிட்ட.

– போயாச்சு.

– சார் நேராப் போயிட்டாரு. நீங்க ஏன்க்கா சுத்திப் போறீங்க?

– சும்மாதான்.

– திரும்பி வாங்க பாப்போம்... மறுபடியும் சுத்துறீங்களே.

– புடவைக் கரையில சாக்பீஸ் ஒட்டும்.

– சுவத்துக் கோட்டுல எல்லாம் புடவை உரசிக்கிட்டுதான் போகுது. இந்தக் கட்டம் ஒண்ணுலதான் கால் படலை. மனசுல இருக்கிறதைச் சொல்லிடுங்கக்கா. நடக்கத் தோணாத இடம்னா நான் வரைபடத்தையே மாத்தணும்.

– படுத்திருக்கிறவனைத் தாண்டக் கூடாதும்மா.

– யாருக்கா படுத்திருக்கா?

– தாண்டினா வளத்தி நின்னுடும்னு சொல்லுவாங்க.

– ஏ டெய்லரம்மா... நீதானே ரூமே வேணாம்னு ஒத்தக் கால்ல நின்னே?

– ரூம் இல்லாமயா அவன் போனான்? அன்னைக்கும் இருந்துச்சு, கட்டில், ஃபேன் எல்லாத்தோடயும். 'வா'ன்னு ஒரு சொல்லு வராம நாலு சுவத்தை எழுப்பி என்ன பண்ண?

– சொல்ல மாட்டேன்னா சொல்றேன்? எங்க போய்ச் சொல்ல? வண்டி ஓட்டின காலத்துல ஒரு பஸ் ஸ்டாண்டு விடல. டீ குடிக்கிற சாக்குல இறங்கி இறங்கிப் பாத்தேன். பின்னந்தலையைப் பாத்து அவன்தான்னு ரெண்டு பேரைக் கூப்பிட்டுக்கூட இருக்கேன்.

– இதை என்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லையே.

– எந்த மூஞ்சியோட சொல்ல?

– வந்து நின்னா என்ன கேப்பீங்க? 'இத்தனை நாளு என்ன கிழிச்சே'ன்னா?

– ஒண்ணும் கேக்க மாட்டேன். உள்ள வாடான்னு சொல்லுவேன். அதுக்கு மேல எனக்குப் பேச்சு வராது.

– சார்... தப்பா எடுத்துக்காதீங்க. நான் இதை மேசைன்னு எழுதட்டுமா, கட்டில்னு எழுதட்டுமா?

– கட்டில்னு எழுதிக்கம்மா. ஆறடி போதும். பய அஞ்சரை அடிதான், என் காது மட்டம் வருவான்.

– ஆறடி பத்தாது. காலு சுவத்துல முட்டும்.

– அது எப்படி உனக்குத் தெரியும்?

– ஆறடிக்கு ரெண்டு அங்குலந்தான் கம்மி. போன மாசம்தான் சட்டைக்கு அளவு எடுத்தேன்.