கோயில் சாவி

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை டவுன்ஷிப் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் பெரிய சாவிக்கொத்து.

“கடவுளுக்கு என்னைத் தெரியும், ஃபாதருக்குத் தெரியலையாம்!” என்று அவள் சீறியபோதுதான் நான் காது கொடுத்தேன்.

“பதினெட்டு வருசமா அந்தக் கோயில நாந்தான்க்கா பெருக்கிகினு இருக்கேன். புதுசா வந்த ஃபாதரு, பங்குப் புத்தகத்துல உம் பேரே இல்ல, பொண்ணு கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க முடியாதுன்றாரு.”

“மூணு ஞாயிறு பூசையில ஓலை வாசிச்சு கல்யாணத்த அறிவிக்கணுமேடி. கல்யாணம் எப்ப?”

“நாலே வாரம்.”

“பேர ஏன் எழுதல?”

“எல்லாம் எங்க வூட்டுக்காரராலதான். காண்ட்ராக்ட் வேல, எப்ப வேணா கெளம்புவோம், பேரு ஊர்க் கோயில்லயே இருக்கட்டும்னாரு. கெளம்புனோமா?”

“ஊர்லேர்ந்து லெட்டர் வாங்கியாயேன்.”

“கேட்டேன். இந்தப் பக்கமே வராதவங்களுக்கு எப்டி எழுதித் தர்றதுன்றாங்க.”

“அப்ப நாளைக்கிக் கதவத் தொறக்காத. நீ யாருன்னு தன்னால தெரியும்.”

அவள் சாவிக்கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பூசைக்கு வர்ற சனம் வெயில்ல நிக்குமேக்கா.”

“நிக்கட்டுமே!”

டவுன்ஷிப்பில் இருப்பது ஒரே சர்ச்; ஞாயிறு காலை ஷிப்டுக்குப் போகும்போது அந்த வழியாகத்தான் போனேன். வாசல் பெருக்கியிருந்தது. கதவு விரியத் திறந்திருந்தது. ஓலை வாசித்தார்களா என்று யாரையும் கேட்க எனக்குக் கூச்சம்.

எழுதியது, செவ்வாய்க்கிழமை.