பத்துக்கு ஒம்போது

நீங்க போங்கக்கா, முன்னாடி போங்க, பரவால்ல. எல்லாரும் என்னத் தாண்டிட்டுதான் போறாங்க. இப்ப ஒருத்தர் போனாரே, கையில பை, காதுல போன்... அவரு ஓட வந்தவரே இல்லக்கா. குறுக்கு வழின்னு கிரவுண்டுக்குள்ள பூந்து வீட்டுக்குப் போறாரு. அவரே என்னத் தாண்டிட்டாரு.

இந்தா, கையில இந்த வாட்ச் கத்துது பாருங்க. நூத்தி அறுபத்தெட்டாம். என் நெஞ்சு நிமிஷத்துக்கு நூத்தி நாப்பது தடவைக்கு மேல அடிக்கக் கூடாது. அடிச்சா நடக்கணும். கொறஞ்சா ஓடலாம். ஓடுனா இருபது அடி, திரும்பக் கத்தும். நாலு வாரமா இதேதான். கல்யாண ஊர்வலம் கூட என்னவிட வேகமாப் போகும்.

நீங்களும் மெதுவாத்தான் ஓடுவீங்களா? அப்ப சரி, கூடவே வரேன். கத்துனாக் கத்தட்டும், இன்னைக்கு ஒரு நாள் நடக்க மாட்டேன். நான் பேசுனா தொந்தரவா இருக்கா? ...இல்லைல்ல?

எனக்கு இது பொழுதுபோக்கு இல்லக்கா. தீயணைப்பு வேலைக்கு எழுதி பாஸ் பண்ணிட்டேன். நல்ல மார்க்கு. எங்க வீட்ல டிகிரி முடிச்சதே நான்தான் மொத ஆளு, அதனால எழுத்துப் பரீட்சைன்னா பயம் இல்ல, மனப்பாடம் பண்ணா போச்சு. ஓட்டம்தான். ஆயிரத்தைந்நூறு மீட்டர், எட்டு நிமிஷம். போன வருஷம் அதையும் பரீட்சை மாதிரியே படிச்சேன்... ஓடுனேன். தினம் உயிரக் குடுத்து ஓடுனேன். ஒரு நாள் விடல. முழங்காலுக்குக் கீழ எலும்புல விரிசல் விட்ருச்சு. டெஸ்டு அன்னைக்கு மூணாவது ரவுண்டுல உக்காந்துட்டேன். உக்காரலக்கா, விழுந்தேன். எங்கப்பா வேலிக்கு வெளியே நின்னு பாத்துட்டு இருந்தாரு. பெயிண்ட் அடிக்கிற வேலைய விட்டுட்டு, வெள்ளச் சட்ட போட்டுட்டு வந்திருந்தாரு.

அந்த எழுத்து மார்க்கு இந்த வருஷம் வரைக்கும்தான் செல்லும். இதையும் விட்டா வயசு தாண்டிடும். அவ்வளவுதான்.

இல்ல, மூச்சு வாங்கல, சொல்லிட்டு வரேன்.

காலுக்கு வைத்தியம் பாக்குற பிசியோ சார், ரொம்ப நல்ல மனுஷன்க்கா, ஆனா குழப்பவாதி. "எலும்பு கூடுற வரைக்கும் ஓடாத மாதிரி ஓடு"ன்னாரு. அப்படின்னா என்ன சார்னேன். "பேசிக்கிட்டே ஓட முடியணும், சொகமா இருக்கணும், உனக்கே தெரியும்மா"ன்னாரு. எனக்கே தெரியுமாம். அக்கா, உனக்கே தெரியும்னு யாராவது சொன்ன எந்த விஷயமும் எனக்குத் தெரிஞ்சதே இல்ல. காலேஜ்ல சேர்ந்த மொத நாள், ஹாஸ்டல் எங்கன்னு கேட்டா "தெரியும்ல, அங்கதான்"னாங்க. ஒன்றர மணி நேரம் சுத்துனேன். அதனால கதவப் புடிச்சுட்டு நின்னுட்டேன். ஒரு நம்பர் சொல்லுங்க சார்னு. வெளிய ஏழு பேரு காத்துட்டிருக்காங்க, மனுஷன் பாவம், "நூத்தி நாப்பதத் தாண்டாத, போ"ன்னு சொல்லி அனுப்புனாரு. நம்பர் கையில வந்ததும்தான் எனக்கு உசுரே வந்துச்சு. அன்னைக்கே அண்ணன்ட்ட சொல்லி இந்த வாட்ச்ச வாங்கிட்டேன்.

இன்னொண்ணும் சொன்னாரு. தினம் ஓடி முடிச்சதும் எவ்வளவு கஷ்டமா இருந்துச்சுன்னு பத்துக்கு ஒரு மார்க்கு நோட்டுல எழுதணும். "மூணுக்கு மேல போகாமப் பாத்துக்க." பத்துக்கு மூணு. சார், அது பெயில் மார்க்குன்னேன். சிரிக்கிறீங்க... அவரும் சிரிச்சாரு. நான் சிரிக்கல.

ஆனா நோட்டுல எல்லாம் ஒம்போதுதான். ரெண்டு நாள் மட்டும் எட்டு. ரெண்டு வாரம் முன்னாடி புரட்டிப் பாத்தாரு, மொகமே மாறிடுச்சு. "நடக்கற மாதிரி ஓடுறதுக்கே ஒம்போதா? நான் உடல்தகுதிக் கடுதாசியில கையெழுத்துப் போட்டா, உன்ன ஸ்டெச்சர்லதான் கொண்டு வருவாங்க"ன்னாரு. ஓட்ட டெஸ்டுக்கு அந்தக் கடுதாசிய வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும். இன்னைக்குப் பத்து மணிக்குக் கடைசியா வரச் சொல்லியிருக்காரு. போய் என்னத்தக் காட்ட? நேத்தும் ஒம்போது.

என்னக்கா? வாட்ச்சா? பாருங்களேன். நில்லுங்க, கழட்டித் தரேன்.

அடியிலயா? அது... அந்த பிளாஸ்டிக் தாளு கூடவே ஒட்டி வந்ததுக்கா. கீறல் படக் கூடாதுன்னு ஒட்டியிருப்பாங்க... ஐயோ, பிச்சிட்டீங்களா? எடுக்கணுமா அத? எங்க வீட்ல எதுலயும் எடுக்க மாட்டோம்க்கா. ஃப்ரிட்ஜ் வாங்கி ஆறு வருஷம், கதவுல இன்னும் அந்தத் தாள் இருக்கு. டிவி ரிமோட் கவருக்குள்ளதான் இருக்கு, பட்டன் தெரியாது, தடவித்தான் அமுக்குவோம். புதுசு புதுசாவே இருக்கணும்னு அம்மா சொல்லும்.

அடியில எரியிற பச்ச வெளிச்சம் தோல்மேல பட்டாத்தான் நெஞ்சுத் துடிப்ப எண்ணுமா? ஓ.

சரி. கட்டிட்டேன். இறுக்கியா? சரி. ஓடுவோம்.

...

நூத்தி இருபத்தொம்போது.

இருங்க. கெட்டுப் போச்சா? அதே வேகம்தானக்கா? நூத்தி முப்பத்தொண்ணு. அப்ப அந்த நூத்தி அறுபத்தெட்டு யாரோடது?

காலடியா? நான் தரையில வைக்கிற அடிய எண்ணி, அதத்தான் நெஞ்சுன்னு காட்டிட்டு இருந்துச்சா?

எப்படிக்கா கண்டுபுடிச்சீங்க? ஸ்கூல் வேன் ஓட்டறீங்களா, அதானா. மீட்டர் பொய் சொன்னா உங்களுக்குத் தெரியாமலா... இன்ஜின் சத்தம் சொல்லிடும். ம்.

நான் கிரவுண்ட சுத்திச் சுத்தி, நடந்து நடந்து, நாலு வாரம்... 

இல்லக்கா, வாட்ச்சத் திட்டாதீங்க. அது மேல தப்பு இல்ல. ஒண்ணு சொல்றேன், யார்ட்டயும் சொல்லல. எனக்குக் கஷ்டமாவே இல்ல. ஒரு நாள் கூட. மூணு கூட இல்லக்கா, ரெண்டு. சில நாள் பாட்டு முணுமுணுத்துட்டே ஓடியிருக்கேன். ஓடி முடிச்சு நோட்டத் தொறந்து ரெண்டுன்னு எழுதப் போவேன். அப்புறம் வாட்ச்சப் பாப்பேன். நூத்தி அறுபத்தெட்டு. இவ்வளவு அடிக்குது, எனக்குத் தெரியலன்னா எனக்குத்தான் அறிவில்லன்னு நெனச்சு ஒம்போதுன்னு போட்டுருவேன். அவரு கேட்டது என்னைய. நான் எழுதுனது வாட்ச்சோடது.

பள்ளிக்கூடத்துல இருந்து டிகிரி வரைக்கும் ஒரு தடவ, ஒரே ஒரு தடவ பக்கத்துப் பேப்பரப் பாத்தது இல்லக்கா. கழுத்து சுளுக்குனாக்கூட திரும்ப மாட்டேன், சார் தப்பா நெனச்சுக்குவாருன்னு. அவ்வளவு ஒழுங்கு. கடைசியில எந்தக் கேள்விக்குக் காப்பி அடிச்சிருக்கேன் பாருங்க. "உனக்கு எப்படி இருக்கு?"ங்கற கேள்விக்கு.

கெளம்புறீங்களா? ஆமா, பிள்ளைங்க ரோட்டுல நிப்பாங்க. போங்க, போங்க. நான் ஒரு ஆளு, வழி நெடுகப் பேசியே...

இல்ல, நோட்டத் திருத்த மாட்டேன். அப்படியே எடுத்துட்டுப் போய், இதெல்லாம் பொய் சார்னு சொல்லிடறேன். கையெழுத்துப் போடுவாரா மாட்டாரா தெரியல. இவ்வளவு பொய் எழுதுனவள எப்படி நம்புறதுன்னு கேட்டாருன்னா, கேக்கட்டும், நியாயம்தான். அவரு முன்னாடியே ஓடிக் காட்டுறேன்னு சொல்லுவேன். டெஸ்டுக்கு அப்பாவ இந்தத் தடவ கூட்டிட்டுப் போகல. அவருக்கு எதுக்கு இன்னொரு வெள்ளச் சட்ட.

பாத்துப் போங்கக்கா.

நானா? இன்னும் ரெண்டு ரவுண்டு பாக்கி, அட்டவணையில போட்டிருக்கு. ...இல்ல. ஓட முடியும். ஆனா வேணாம். கால் இன்னைக்கு இது போதுங்குது.