கடல் பார்த்த அறை ஒன்று வேண்டும்

"யெர்கோ, பத்து நிமிஷம்தான்! அதுக்கு மேல போனா மைக்கைப் பிடுங்கிடுவேன்" என்று சற்று முன் அன்போடு மிரட்டிய எங்கள் குரோவேசியச் சங்கத் தலைவி ஸ்லாவிட்சா அம்மையார் அவர்களே! சிலியின் தென்கோடியில் நம் புந்தா அரேனாஸ் காற்றோடு மல்லுக்கட்டி, ஆள் பறக்காமலிருக்கத் தெருவில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி வந்து சேர்ந்த பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் இந்தப் பேருந்து ஓட்டுநரின் பணிவான வணக்கம்.

நம் நூலகத்தில் இன்று புதிய அலமாரி திறக்கிறோம். ஆசிரியரின்றித் தாமே மொழி பயில உதவும் நூல்கள்! அவற்றின் நிறை என்ன, குறை என்ன என்று பேசச் சொன்னார்கள். பண்டிதர்கள் இருக்க என்னை ஏன் அழைத்தார்கள்? முட்டி மோதிப் படித்தவனுக்குத்தானே வலித்த இடம் தெரியும்!

என் தாய் குரோவேசியத் தீவு ஒன்றிலிருந்து வந்தவர். எங்களுக்கு அந்த மொழியைக் கற்றுத் தரவில்லை. பள்ளியில் கேலி செய்வார்கள் என்ற பயம். அவர் மறைந்த பின்னும் அவருடைய தங்கை யெலிட்சா சித்தி கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். வீட்டில் படிக்க ஆளில்லை. பிரிக்காத கடிதங்கள் ஒன்பது சேர்ந்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. புத்தகம் ஒன்றும் ஒலிநாடாக்கள் ஆறும் வாங்கினேன்.

இங்கிருந்து நாத்தாலேஸ் ஊருக்கு மூன்று மணி நேர ஓட்டம். பேருந்தில் நாடாவைப் போடுவேன். "திருப்பிச் சொல்லுங்கள்" என்பார் நாடாவில் பேசும் அம்மாள். பிறகு நான்கு விநாடி மௌனம். நான் சொல்வேன், எனக்குப் பின்னால் நாற்பது பயணிகளும் சொல்வார்கள்! (ஆமாம் தாயே, நீங்களும்தான் சொன்னீர்கள். ஞாபகம் இருக்கிறது.) ஆயிரம் முறை தவறினாலும் நாடா சலித்துக்கொள்ளுமா? சிரிக்குமா? அதுவே இந்நூல்களின் முதல் பெருமை. என் மனைவிக்குக்கூட அந்தப் பொறுமை கிடையாது!

கம்பளி வியாபாரி எலியோதோரோ மட்டும் முன் இருக்கையிலிருந்து சீண்டுவார்: "ஏம்ப்பா, உன் பாடத்துல எல்லாரும் ஓட்டல்ல ரூம் போடுறாங்க, ரொட்டி வாங்குறாங்க, மழை வருமான்னு கேக்குறாங்க. ஒருத்தனுக்கும் ஒரு கஷ்டமும் வராதா?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு வெகுநாள் நிலைக்கவில்லை, ஐயா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தொலைபேசி மணி அடித்தது. எதிர்முனையில் சித்தி. புத்தகத்து மனிதர்களைப் போல நிறுத்தி நிதானமாகவா பேசினார்? தீவுப் பேச்சு, அதில் பாதி அழுகை. எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. கடைசியில் மெல்லச் சொன்னார்: "ஃபிரானே இல்ல."

"ரொட்டி இல்லை, பால் இல்லை" என்று ஐந்தாம் பாடத்தில் படித்த அதே "இல்லை." சித்தப்பா போய்விட்டார்.

புத்தகத்தைப் புரட்டினேன். முப்பது பாடங்கள்! சந்தை உண்டு, சாவு உண்டா? தபால் நிலையம் உண்டு, தேற்றும் சொல் உண்டா? உடனே புறப்பட்டு வருகிறேன் என்று சொல்லத் துடித்தேன். அதற்கும் வாக்கியம் இல்லை. நாக்கில் பழகிய ஒன்றே ஒன்று இருந்தது. சொல்லிவிட்டேன்: "எனக்குக் கடல் பார்த்த அறை ஒன்று வேண்டும். ஒருவருக்கு. ஏழு நாட்களுக்கு."

மௌனம். நான்கு விநாடி அல்ல. இழவு வீட்டில் ஓட்டல் அறை கேட்ட மடையன் நான் என்று கூனிக்குறுகிப் போனேன். அப்போது அந்த அழுகைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

"ரூம் இருக்குடா கண்ணு. கடலும் இருக்கு. நீ வா."

போனேன். படகுத்துறையில் கறுப்பு உடையில் நின்றார். முதல் பாடத்து வணக்கத்தை நான் மனத்துக்குள் உருட்டிக்கொண்டிருக்க, அவர் என் கன்னங்களைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி ஸ்பானிய மொழியில் கேட்டார்: "மன்னிக்கவும் ஐயா, ரயில் நிலையம் எங்கே இருக்கிறது?"

தீவில் ரயிலே கிடையாது! அவர் கக்கத்தில் பக்கம் கிழிந்த ஒரு ஸ்பானியப் பாடநூல். அக்கா போன பின் அக்கா பிள்ளைகளோடு பேச வேண்டுமே என்று எண்பது வயதில் தனியே படித்திருக்கிறார். நான் ஒருபுறம், அவர் மறுபுறம். இடையே ஒரு பெருங்கடல். இருவர் கையிலும் புத்தகம்!

"நேராகச் சென்று வலப்பக்கம் திரும்புங்கள், அம்மா" என்றேன். அப்படியே கட்டிக்கொண்டு அழுதோம்.

எந்தப் புத்தகம் நல்லது என்று கேட்கிறீர்களா? எல்லாவற்றிலும் குறை உண்டு. ஆனாலும் என்னை அந்தப் படகுத்துறை வரை கொண்டு சேர்த்தது அந்தக் குறையுள்ள புத்தகம்தான். அதை இன்று இந்த அலமாரிக்குத் தருகிறேன். பன்னிரண்டாம் பக்கத்தில் நான் குடித்த மாத்தே பானத்தின் கறை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசி வெற்றுத்தாளில் பென்சிலால் முப்பத்தொன்றாம் பாடம் எழுதியிருக்கிறேன். ஒரு வீட்டில் ஒருவர் இறந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதை, அந்த ஏழு நாட்களில் சித்தியே சொல்லித் தந்த தீவுச் சொற்களில். தயவுசெய்து அதை முதலில் படியுங்கள்.

இதோ, அம்மையார் மைக்கை நோக்கி வருகிறார்! கேட்ட செவிகளுக்கும் கலங்கிய கண்களுக்கும் நன்றி கூறி, பத்திரமாகக் கயிற்றைப் பிடித்து வீடு சேருங்கள் என்று வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்!