முதல் படிவத்தில் போட்ட ‘இல்லை’

நாளைக்கு வாங்கோ எண்டு மட்டும் சொல்லாதேங்கோ பிள்ளை. சண்டிலிப்பாயிலை இருந்து உங்கடை கந்தோருக்கு நாலாம் தரம் வாறன். கதிரை வேண்டாம், இருந்தால் பிறகு எழும்பேலாது.

ஓம், கோபிகா என்ரை இளையவள். கம்பசிலை ரெண்டாம் வருசம். ஏழு வயசிலை ஒரு காய்ச்சல் வந்து ரெண்டு காதும் போச்சுது. மெசின் போட்டால் கொஞ்சம் கேக்கும். போன மாரியோடை அதுவும் பழுது. இப்ப முன் வாங்கிலை இருந்து, படிப்பிக்கிற சேரின்ரை வாயைப் பாத்துத்தான் படிக்கிறாள். அவர் எழுதுற போட் பக்கம் திரும்பினால் முடிஞ்சுது. ரெண்டு பாடம் பெயில். புது மெசினுக்கு இந்த அரசாங்க உதவி கிடைக்காட்டில் படிப்பை விட்டிட்டு வாறன் எண்டு நிக்கிறாள்.

காயிதமெல்லாம் இருக்கு. இது எங்கடை ஊர் விதானையார் ஒப்பம் வைச்சது. இது காது டொக்டர் தந்தது. இந்த ஒரு துண்டுக்கு அவரிட்டை மூண்டு தரம் அலைஞ்சனான். அலுத்துப்போச்சு பிள்ளை.

எது? கம்பசுக்குப் போட்ட முதல் படிவமோ? அதிலை இயலாமை இல்லை எண்டு கிடக்கோ? அது... கொம்பியூட்டரிலை படிவம் நிரப்பித் தாற கொமினிகேசன் கடைக்காரர் மாறி அமத்தியிருப்பார்.

ஆர் நிரப்பினதோ அவையிட்டைக் கடிதம் வாங்கி வந்தால் திருத்தலாமோ? அந்தாள் தராது பிள்ளை. எப்பிடித் தரும்?

ஏன் அப்பிடிப் பாக்கிறியள்?

அந்தக் கிழமைதான் என்ரை மூத்தவளைப் பொம்பிளை பாக்க வாறதா இருந்தவை. கடைக்காரர் மாப்பிளை பகுதிக்குச் சொந்தம். தங்கச்சிக்குக் காது கேளாது எண்டு கேள்விப்பட்டால் குடும்பத்திலை பரம்பரை வருத்தம் இருக்கு எண்டு சொல்லிப்போடுவினமே. மெசின் தெரியாமல் தலைமயிரை இழுத்துவிட்டு வளத்த பிள்ளை அவள். அண்டைக்குக் கடையிலை சத்தம், தனக்கு ஒண்டும் விளங்காது எண்டு, எல்லாத்தையும் தாளிலை எழுதித் தந்து என்னை அனுப்பினவள். அதிலை ஓம் எண்டுதான் வடிவா எழுதியிருந்தவள். அந்தாளும் ரெண்டு தரம் கேட்டவர். நான்தான் இல்லை எண்டு போடச் சொன்னனான்.

அந்தச் சம்பந்தமும் சரிவரேல்லை.

கோபிகா இண்டைக்கும் கடைக்காரரைத்தான் திட்டுறாள். நானும் சேந்து திட்டுறனான்.

நான் சொல்லித்தான் அப்பிடிப் போட்டது எண்டு நான் கடிதம் தந்தால் காணுமோ? அதின்ரை பிரதி கோபிகாவுக்கும் போகுமோ?

சரி. பேனையைத் தாங்கோ பிள்ளை, நானே எழுதுறன்.