அண்ணி விட்ட இடைவெளி

நான் நீட்டி முழக்குவேன் என்று தெரிந்தே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி வீற்றிருக்கும் மூத்த கலைஞர்களே! நாங்கள் மேடையில் முழங்கிக்கொண்டிருக்கும்போது வீட்டில் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு விழித்திருக்கும் தாய்மார்களே! பாட்டெழுதும் தோழர்களே, பக்கவாத்தியப் பங்காளிகளே, ஒலிபெருக்கியின் கூச்சலை ஒற்றை விரலால் அடக்கும் ஒலியமைப்பாளர்களே! இந்த மேடையில் ஆளில்லாமல் இருக்கும் அந்த ஒரே நாற்காலியே, உனக்கும் என் வணக்கம்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த நாற்காலிக்கு உரியவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். எதற்குமே நேரத்துக்கு வராததால் 'அவசரம்' என்று நம்மிடம் பட்டம் வாங்கியவர். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், மாலையில் மெட்டமைப்பவர். இன்று வருவாரா, வரமாட்டாரா? அதுதான் என் கவலை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்பர்களே! பிரிந்துபோன கூட்டாளிகள் எழுதிய பாடல்கள் மேடையில் என்ன ஆகின்றன என்று பேசச் சொன்னார் தலைவர். நான் டிரம்ஸ் வாசிப்பவன். பாடகியின் முதுகையும் பார்வையாளரின் முகத்தையும் ஒருசேரப் பார்க்கும் பாக்கியம் பெற்றவன். எந்தப் பாட்டுக்கு எந்த முகம் மலர்கிறது, எந்தப் பாட்டுக்கு எவர் எழுந்து டீ குடிக்கப் போகிறார் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

இதோ இங்கே அமர்ந்திருக்கும் நம் பாடகியின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். சொல்லலாமா என்று கேட்டேன். "அடி எனக்கு விழுந்தாலும் பரவாயில்ல, சொல்லுங்கண்ணே" என்றார். விழும் தங்கச்சி, கொஞ்சம் விழும்!

அவருடைய முதல் பாடல்கள் எல்லாம் பிறந்தது எங்கே? மாளிகையிலா? மலையுச்சியிலா? அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்! எழுதியவர்கள் மூவர். பாடகி, ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்க்கும் அவருடைய அண்ணி, நம்முடைய அவசரம். பாடகிக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. அதனால் அண்ணி ஒரு வழக்கம் வைத்திருந்தார். நாத்தனாரின் முதுகில் கை வைத்துக்கொண்டு வரியைப் பாடச் சொல்வார். எந்த இடத்தில் முதுகு மூச்சுக்கு ஏங்குகிறதோ, அந்த இடத்தில் சொல்லை நிறுத்திவிடுவார். உடனே அவசரம் மேசையைத் தட்டி, "பிரேக்! இங்க யாரும் எதையும் வாசிக்கக் கூடாது" என்பார். குழல் கிடையாது, கீபோர்டு கிடையாது, என் டிரம்ஸும் கிடையாது. வெறும் இடைவெளி.

ஒலிப்பதிவில் கேட்டவர்கள் என்ன சொன்னார்கள்? "என்னங்க, பாட்டு நடுவுல ஓட்டை விழுந்த மாதிரி இருக்கு?" என்றார்கள். மேடையில் என்ன நடந்தது? "எத்தனை நேரம் ஆனாலும் வா" என்று பாடகி பாடி நிறுத்தினார். மூச்சு வாங்கினார். அந்த இடைவெளிக்குள் கூட்டம் குதித்தது! "வந்துட்டேன்!" என்றது. யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எவரும் இல்லை. எங்கே எழுதியிருந்தது? எங்கும் இல்லை. அன்று தொடங்கி, போன ஊரிலெல்லாம் பாடகி அழைப்பார், கூட்டம் வரும்.

(ஆமாம் அம்மா, நீங்கள் இப்போது முணுமுணுத்தீர்களே, அதே பாட்டுதான். எப்போதும் தாமதிக்கும் நம் அவசரத்திடம் அண்ணி போனில் சொன்ன வார்த்தைதான் அது.)

பிறகு பெயர் வந்தது. பெயரோடு பெரிய கம்பெனி வந்தது. கம்பெனியோடு அறிவுரை வந்தது. ஒருநாள் அதே மேசையில், அதே அண்ணி பரிமாறிக்கொண்டிருக்கும்போது, நம் பாடகி சொன்னார்: "அண்ணி, இனிமே நல்லா எழுதறவங்ககிட்ட வாங்கிக்கலாம்னு இருக்கேன்."

நல்லா எழுதறவங்க! அந்த ஒரு சொல் போதாதா? அண்ணி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவசரமோ, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சட்டென்று எழுந்து போய்விட்டார். ஒரே வீடுதான், ஆனால் அதன்பின் அங்கே பேச்சு "சாப்பாடு இருக்கு", "கதவைச் சாத்திக்கோ" என்ற அளவில் நின்றது. எனக்கு அந்த வீட்டுக்குப் போகவே பிடிக்காமல் போயிற்று.

புதிய பாடல்கள் வந்தன. புதிய கவிஞர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். குறை சொல்ல வரவில்லை ஐயா, கோபிக்காதீர்கள். சொல்லழகு உண்டு, சுவையழகு உண்டு, காதில் மாட்டிக்கொண்டு கேட்டால் சொக்கிப்போகலாம். ஆனால் மேடையில்? கூட்டம் கைதட்டியது. அலுவலகத்தில் மேலதிகாரி பேசி முடித்தால் தட்டுவோமே, அப்படித் தட்டியது. ஏன்? அந்தப் பாடல்களில் எல்லாம் இருந்தன. கூட்டத்துக்கு மட்டும் இடமில்லை.

ஒரு மாலை, கூட்டம் பழைய பாட்டைக் கேட்டுக் கத்தியது. சரி, ஒன்று பாடலாம் என்றார் பாடகி. புதிதாய்ச் சேர்ந்த கீபோர்டு கலைஞர், இடைவெளியைப் பார்த்து ஏதோ விட்டுப்போயிற்று என்று நினைத்து, அங்கே ஓர் இனிய குழலிசையை நிரப்பி வைத்திருந்தார். நல்லெண்ணம்தான்! "எத்தனை நேரம் ஆனாலும் வா" என்றார் பாடகி. குழலும் புறப்பட்டது, கூட்டமும் புறப்பட்டது. இரண்டும் முட்டிக்கொண்டு இரண்டும் நின்றன. திகைத்த பாடகி மூச்சு வாங்க மறந்து அடுத்த வரியைத் தொட்டார். தொட்டார், தொடர முடியவில்லை. இழுப்பு வந்துவிட்டது. கைப்பையைத் துழாவினார். இன்ஹேலர் இல்லை.

நான் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். அப்போது மேடையின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு, வேலை முடிந்து வீடு திரும்பிய கையோடு, நர்ஸ் உடுப்பிலேயே ஒரு பெண் வந்தார். சாப்பாட்டு மேசையில் மறந்து கிடந்த இன்ஹேலரைப் பார்த்துவிட்டு, ஆட்டோ பிடித்து வந்த அண்ணி! அந்தச் சண்டைக்குப் பிறகு ஒரு கச்சேரிக்கும் வராத அண்ணி!

மருந்தைக் கையில் கொடுத்தார். பழக்க தோஷம், முதுகில் கை வைத்தார். மைக் திறந்திருந்தது, அரங்கமே கேட்டது.

"மேசை மேலயே வச்சுட்டு வந்துட்டே."

"அண்ணி... நீங்க விட்ட இடத்த நாங்க அடைச்சுட்டோம்."

"அடைச்சா உனக்குத்தானே மூச்சு முட்டும்? பேசாத. முதல்ல மூச்ச விடு."

கீபோர்டு கலைஞர் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாடகி நிமிர்ந்தார். கூட்டத்தைப் பார்த்து அல்ல, அண்ணியைப் பார்த்துப் பாடினார்: "எத்தனை நேரம் ஆனாலும் வா."

அன்பர்களே, அன்றுதான் நான் அதைக் கண்டேன். அத்தனை முகமும் வாய் திறந்தது. அத்தனை வாயும் அப்படியே நின்றது. ஒருவரும் பாடவில்லை! எவருக்காகவோ இடம் விட்டுக் காத்திருந்தார்கள். மேடையில் ஒரு வரிகூடப் பாடியறியாத அண்ணி, மெல்ல, பேசுகிற குரலிலேயே சொன்னார்.

"வந்துட்டேன்."

நான் அழுதேன் ஐயா. டிரம்ஸுக்குப் பின்னால் உட்காருவதில் அது ஒரு வசதி.

பாட்டு யாருடையது? எழுதியவருடையதா? மெட்டுப் போட்டவருடையதா? பாடுபவருடையதா? காகிதத்தில் எவர் பெயரை வேண்டுமானாலும் போடுங்கள். மேடையில் அந்தப் பாட்டு, யாருக்கு இடம் விட்டிருக்கிறதோ அவர்களுடையது! கூட்டாளிகள் பிரிந்தாலும் அவர்கள் விட்டுப்போன இடம் பிரிவதில்லை. புதிய கவிஞர்களே, நிறைய எழுதுங்கள், நிறைவாய் எழுதுங்கள். எங்கேனும் ஓரிடத்தில் எங்களுக்காகக் கொஞ்சம் எழுதாமலும் விடுங்கள்!

இப்போது அந்த மேசையில் நாத்தனாரும் அண்ணியும் மீண்டும் எழுதுகிறார்கள். மூன்றாவது நாற்காலி மட்டும் காலி. போன வாரம் பாடகியே டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், மன்னிப்புக் கேட்டு, இன்றைய கூட்டத்துக்கு அழைத்தார். "பார்க்கலாம்" என்றாராம் அவசரம். வரமாட்டார் என்று இங்கே பலபேர் சொன்னார்கள். நானும் அப்படித்தான்...

என்ன, எல்லோரும் பின்னால் திரும்பிப் பார்க்கிறீர்கள்?

தலைவர் அவர்களே, கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளுங்கள். என் பேச்சு முடிந்தது. பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும், கண் துடைக்கும் தாய்மார்க்கும், அவையோர் அனைவர்க்கும் நெஞ்சு நிறைந்த நன்றியும் வணக்கமும் உரித்தாகுக. தங்கச்சி, எழுந்திரும்மா. அந்த ஒரு வரியைப் பாடு, போதும். யாரும் பதில் பாடிவிடாதீர்கள் மக்களே! வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நிற்கிறாரே, அவர் சொல்லட்டும்.